வீட்டுப் பாஷையில் சொன்னது

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா. கை முறிஞ்சிருச்சு. கோவிச்சுக்கிட்டு அவளாத்தான் கிளம்பிப் போனா. எங்கே, இன்னொரு தடவை சொல்லும்மா."

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குள் விஜய்ஆனந்த் நான்காவது முறையாகக் கேட்டுவிட்டான். ராதாமணியும் நான்காவது முறையாகச் சொன்னாள். வாய்ப்பாடு ஒப்பித்த வயதில்கூட அவளை யாரும் இப்படி விரட்டியதில்லை.

"'அவளாத்தான்'னு சொல்றப்போ தரையைப் பாக்காத. ஆபீசர் முகத்தைப் பாரு."

"சரிப்பா."

அம்மாவும் பிள்ளையும் வீட்டுக்குள் பேசிக்கொள்வது சௌராஷ்டிர மொழியில்தான். நமக்காகத் தமிழில் எழுத வேண்டியிருக்கிறது. வெளியே போனால் விஜய்ஆனந்தின் தமிழ் தேனாக ஒழுகும். திருநகரில் அவன் வைத்திருக்கும் செல்போன் கடைக்கு வருகிற பெண்கள், "ராதாம்மா, இப்படி ஒரு பிள்ளைக்குக் குடுத்து வச்சிருக்கணும்" என்பார்கள். ராதாமணி சிரித்து வைப்பாள்.

அந்தத் தேன் ஒழுகும் பிள்ளைதான் ஒன்பது நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவி பாண்டிச்செல்வியின் இடது கையை முறுக்கிப் பின்வாசல் வழியாக வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டான். அவள் செய்த குற்றம், ஆஸ்பத்திரியில் டூட்டியை மாற்றிக்கொண்டபோது அவனைக் கேட்காதது.

செல்வி கீழக்குயில்குடிப் பெண். அப்பா இல்லை. அம்மா மலையம்மாள் ஊரார் வயலில் நாற்று நட்டும் களையெடுத்தும் படிக்கவைத்த நர்ஸ். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் விஜய்ஆனந்த் ஆசைப்பட்டு, பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக் கூட்டிவந்தான். ராதாமணி அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. பெண்ணை வீட்டுக்குள் விட்டாள். அந்தப் பெண்ணின் தாய் வீட்டுப் பக்கம் மட்டும் அவள் இன்று வரை கால் வைக்கவில்லை.

கை ஒடிந்த பெண் அழுதுகொண்டு ஊரோடு போய்விடுவாள் என்றுதான் விஜய்ஆனந்த் நினைத்தான். அவள் தாய் வீட்டுக்குப் போன மறுநாளே கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரைத் தேடிப் போய்விட்டாள். பெண்களை வீட்டு அடி உதையிலிருந்து காப்பதற்கென்று புதிதாக வந்து இன்னும் ஒரு வருஷம் நிறையாத சட்டம். மனு கோர்ட்டுக்குப் போனது. வீட்டுக்கே போய் விசாரித்து அறிக்கை கொடுங்கள் என்று மாஜிஸ்டிரேட் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை வாய்தா.

"பயப்படாத" என்றான் விஜய்ஆனந்த், தலையைச் சீவிக்கொண்டே. "வீடு உன் பேர்ல இருக்கு. மாமியார் பேர்ல இருக்கிற வீட்டுல மருமக உரிமை கேக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சாம். வக்கீல் சொன்னாரு. அடிச்சேன்னு ஒருத்தரும் சாட்சி சொல்லலைன்னா கேஸ் இத்தோட முடிஞ்சது. வீட்டுல அன்னிக்கு இருந்தது நீ ஒருத்திதான்."

நீ ஒருத்திதான். அதைத்தான் ராதாமணியும் ஒன்பது நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பதினொரு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது.

பாதுகாப்பு அலுவலர் சோணையம்மாள் ஐம்பதை ஒட்டிய பெண்மணி. தோளில் சாக்குப்பை அளவுக்கு ஒரு கைப்பை. இறங்கியதும் ஆட்டோக்காரரிடம், "அண்ணே, வெயிட்டிங்ல நில்லுங்க. ஜீப் தாரேன் தாரேன்னு ஆறு மாசமாச் சொல்றாக. அது வர்ற வரைக்கும் நீங்கதான் கவர்மெண்டு" என்றார்.

பின்னால் பாண்டிச்செல்வி இறங்கினாள். முழங்கை வரை மாவுக்கட்டு. கன்னத்தில் மஞ்சளாக மாறிவரும் ஒரு கன்றல். ராதாமணி அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பக்கத்து வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்தாள்.

"வாங்க மேடம், வாங்க" என்று விஜய்ஆனந்த் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "வெயில்ல வந்திருக்கீங்க. செல்வி, உள்ள வாம்மா. நம்ம வீடுதானே, ஏன் வாசல்லயே நிக்கிற?"

செல்வி வாசல்படியில் கால் வைக்கும் முன் அலுவலரின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகுதான் உள்ளே வந்தாள்.

"மொதல்ல பாத்ரூமைக் காட்டுங்க" என்றார் சோணையம்மாள்.

"பாத்ரூமா?"

"வழுக்கி விழுந்ததா உங்க பதில் மனுவுல இருக்குல்ல? அந்த இடத்தைப் பாக்க வேணாமா?"

பாத்ரூம் தரை சொரசொரவென்று இருந்தது. ராதாமணியின் கணவர் சௌரிராஜன் உயிரோடு இருந்தபோது, ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்த பிறகு, ஆள் வைத்துக் கொத்திவிட்ட தரை. சோணையம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தேய்த்துப் பார்த்தார். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி மறுபடியும் தேய்த்துப் பார்த்தார். குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார்.

"இப்ப அம்மாகிட்ட தனியாப் பேசணும்."

"அம்மாவுக்குப் பிரஷர் மேடம். திடீர்னு தலை சுத்தி விழுந்துருவாங்க. நான் பக்கத்துல இருந்தாத்தான் தைரியம்."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. அந்த நிலைப்படிகிட்ட நில்லுங்க. வாயைத் திறக்கக் கூடாது."

ராதாமணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். எதிரே அலுவலர், அவருக்குப் பக்கத்தில் செல்வி. ஒப்பித்தது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும், தரையைப் பார்க்கக் கூடாது.

"அன்னிக்கு என்ன நடந்துச்சும்மா?"

"அன்னிக்கு... பாத்ரூம்ல..."

"அத்தே" என்றாள் செல்வி, குறுக்கே. "முகமெல்லாம் வேர்க்குது உங்களுக்கு. தலைசுத்து மாத்திரை போட்டீங்களா? போன வாரமே தீர்ந்திருக்குமே. வாங்கினீங்களா இல்லியா?"

வாங்கவில்லை. வாங்கிக்கொடுக்கிற ஆள் இந்த வீட்டில் இல்லை. மகனுக்கு அந்த மாத்திரையின் பெயர்கூடத் தெரியாது.

"பாத்ரூம்ல..." என்று மறுபடி ஆரம்பித்தாள்.

அப்போதுதான் நிலைப்படியிலிருந்து விஜய்ஆனந்த் பேசினான். சிரித்த முகத்தோடு, இதமான குரலில், வீட்டுப் பாஷையில், மூன்றே வாக்கியம். பார்க்கிறவர்களுக்கு, பிள்ளை தாய்க்குத் தைரியம் சொல்கிற மாதிரித்தான் இருக்கும்.

ராதாமணியின் கை, நாற்காலிப் பிடியை இறுக்கியது.

சோணையம்மாள் பேனாவை நிறுத்தினார். "என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல மேடம்" என்றான் அவன். "உங்களுக்குக் காபி போடச் சொன்னேன்."

செல்வி பாதி எழுந்துவிட்டாள். "மேடம், எனக்குப் பாதி புரியும். அவர் சொன்னது—"

"நீ உக்காரும்மா." அலுவலர் அவளைப் பார்க்காமலே கையமர்த்தினார். "மனுக் குடுத்தது நீ. நீ சொல்லி நான் எழுதுனா, அவுக வக்கீல் ஊதித் தள்ளிருவாரு. நான் சிவகங்கைக்காரி, எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. அம்மா, நீங்க சொல்லுங்க. உங்க பிள்ளை என்ன சொன்னாரு?"



எத்தனையோ வருஷமாக அந்தப் பாஷை அவளுக்கு ஒரு திரைச்சீலை. கடைக்காரன் முன்னால், விருந்தாளி முன்னால், யார் முன்னால் வேண்டுமானாலும் சட்டென்று இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நின்று பேசலாம். இந்த வீட்டுக்கு வந்த பெண் முன்னாலும் அதை ஒன்றரை வருஷம் இழுத்துவிட்டுத்தான் வைத்திருந்தாள். தாயும் பிள்ளையும் அவளைப் பற்றி அவள் எதிரிலேயே பேசுவார்கள். கையில் கரண்டியோடு செல்வி இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். 'சொல்லிக்குடுங்க அத்தே, நானும் கத்துக்கறேன்' என்று இரண்டு முறை கேட்டாள். ராதாமணி சொல்லிக்கொடுக்கவில்லை.

"காபிதானேம்மா?" என்றான் விஜய்ஆனந்த் தமிழில், தேனாக. "சொல்லிருங்க."

"காபி இல்ல" என்றாள் ராதாமணி.

தரையைப் பார்க்கவில்லை. அலுவலரின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"'சொல்லிக்குடுத்த மாதிரி சொல்லு. இல்லேன்னா ஆடி மாசம் உனக்கு விழுந்தது மறுபடி விழும். அவளுக்கு ஒரு கைதான், உனக்கு ரெண்டும்.' இதான் சொன்னான்."

தமிழில் சொல்லிக் கேட்டபோது அவளுக்கே அது வேறாகப் பட்டது. வீட்டுப் பாஷையில் கேட்கும்போது அது மகனின் கோபமாகத்தான் இருந்தது, ஏதோ பழகிப்போன சத்தம் மாதிரி. இப்போது, ஒரு வேற்று மனுஷி அதை அப்படியே காகிதத்தில் எழுதும்போது, ஒரு ரவுடி பேசியதாக இருந்தது.

"ஆடி மாசம் என்ன விழுந்துச்சு?" என்று நிமிராமலே கேட்டார் சோணையம்மாள்.

ராதாமணி முந்தானையைச் சற்று விலக்கினாள். தோள்பட்டைக்குக் கீழே, அவன் தள்ளிவிட்டதில் கிரைண்டரின் விளிம்பு பதிந்த தழும்பு கறுத்துக் கிடந்தது.

செல்வி அதை உற்றுப் பார்த்தாள். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொன்னீங்க, அத்தே. நான்தானே மருந்து போட்டுவிட்டேன்."

"ஆமா."

"இம்புட்டுப் பேரு வழுக்கி விழுறதுக்கு" என்றார் சோணையம்மாள், "அந்தத் தரையைப் பாத்தா அப்படித் தெரியலையே, தம்பி."

விஜய்ஆனந்தின் முகத்திலிருந்து தேன் வழிந்துபோய்விட்டது. இரண்டே எட்டில் கூடத்துக்கு வந்தான்.

"மேடம், சும்மா எதையாச்சும் எழுதிட்டுப் போகாதீங்க. இது எங்க அம்மா வீடு. பத்திரம் அவங்க பேர்ல. இவ இங்க உக்காந்திருக்கிறதே தப்பு. இவளுக்கு இங்க ஒரு உரிமையும் கிடையாது. சட்டம் தெரியாமப் பேசறீங்க."

"நீங்க சொல்றது சரிதான் தம்பி" என்று சோணையம்மாள் நிதானமாகச் சொன்னார். "இப்ப இருக்க தீர்ப்புப்படி, மாமியார் வீட்டுல இவளைக் கட்டாயமா உக்கார வைக்கச் சொல்லி நான் எழுதுனா நிக்காது. ஆனா வீட்டுக்காரம்மாவே இருன்னு சொன்னா, வேணாம்னு சொல்ல நீங்க யாரு, நான் யாரு?" அவர் ராதாமணியின் பக்கம் திரும்பினார். "இது உங்க இஷ்டம்மா. நான் வற்புறுத்த மாட்டேன். வற்புறுத்துனா தப்பு."

வெளியே ஆட்டோக்காரர் யாரிடமோ செல்போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"இவ இருக்கட்டும்" என்றாள் ராதாமணி. பிறகு மகனைப் பார்த்தாள். "நீ போ."

தமிழில் சொன்னாள். அந்த வீட்டுக் கூரைக்குக் கீழே, பிள்ளையிடம் அவள் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை. நான்கு பேருக்கும் புரியவேண்டும் என்று அப்படிச் சொன்னாளா, தானாக வந்ததா, அவளுக்கே தெரியாது.

அவன் சிரித்தான். "எங்க போறது?"

"தெரியல. வீடு என் பேர்ல இருக்கு. நீதானே காலையில இருந்து சொல்லிக்கிட்டே இருந்த."

அவன் கை ஓங்கவில்லை. அலுவலரின் கைப்பையையும் பேனாவையும் ஒருமுறை பார்த்தான். மேசை மேலிருந்த வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். வாசலுக்குப் போய்த் திரும்பி, "பொழுது சாஞ்சதும் வாரேன். அப்ப ஆபீசர் இருக்க மாட்டாங்கல்ல?" என்றான். வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டது.

"அதையும் எழுதிக்கிறேன்" என்றார் சோணையம்மாள். "பேசப் பேச என் வேலையைச் சுருக்கமாக்கிக் குடுக்கிறாரு."

அந்த நிலையிலும் செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்னம் வலித்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"ஆபீசரம்மா" என்றாள் ராதாமணி தயங்கித் தயங்கி. "இந்தச் சட்டம் மருமகளுக்கு மட்டும்தானா?"

"யார் சொன்னா? ஒரே வீட்டுல சேந்து வாழ்ற எந்தப் பொம்பளைக்கும் உண்டு. பெத்த தாய்க்கும் உண்டு. வக்கீலுக்கு அலைய வேணாம், சட்ட உதவி மையத்துல இலவசமா ஆள் தருவாக. உத்தரவு வாங்கிட்டா, அதை மீறிக் கை வச்சாருன்னா ஒரு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம்."

"அப்ப என் பேருக்கும் ஒண்ணு எழுதுங்க."

சோணையம்மாள் கைப்பையைக் கிளறி இன்னொரு படிவத்தை எடுத்தார். பெயர், வயது, உறவு. உறவு என்ற இடத்தில் 'மகன்' என்று எழுதும்போது ராதாமணி கண்ணை மூடிக்கொண்டாள். எதிர்மனுதாரர் யார் என்று எழுதுகிற இடம் அது.

எல்லாம் எழுதி முடித்து, அலுவலர் செல்வியின் காகிதங்களைப் புரட்டினார்.

"இன்னும் ஒரே ஒரு இடம். அன்னிக்கு மத்தியானம் கதவு சாத்தினதும் உங்க ரூம் ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்டதாச் செல்வி சொல்லியிருக்கா. 'அத்தை தலைசுத்து மாத்திரை போட்டுத் தூங்கிட்டாங்க, அவங்களுக்குக் கேக்கல'ன்னு அவளே எழுதியிருக்கா. மாத்திரை போட்டா ரெண்டு மணி நேரம் தூக்கம்தானாமே. அதையே உங்க வாக்குமூலத்துலயும் போட்டுரவா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அலுவலர் எழுதிக்கொள்வார். மாவுக்கட்டுக் கையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணே தயாராக வைத்திருக்கும் பதில் அது. யாருக்கும் நஷ்டமில்லை.

"போட வேணாம்" என்றாள் ராதாமணி. "நான் தூங்கல."

செல்வி நிமிர்ந்தாள்.

"முழிச்சுத்தான் இருந்தேன். அவ கத்துனதும் கேட்டுச்சு, ஜன்னலைத் தட்டுனதும் கேட்டுச்சு. திறந்தா என்மேல விழும்னு பயம். சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டேன்."

சோணையம்மாள் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதியதை அவர் வாசித்துக் காட்டினார். ராதாமணி கையெழுத்துப் போட்டாள்.

செல்வி எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

ராதாமணி பின்னாலேயே போனாள். செல்வி ஆட்டோவின் கம்பியை நல்ல கையால் பிடித்தபடி, முதுகு காட்டி நின்றாள்.

"செல்வி."

"எங்கம்மா அன்னிக்கே சொன்னுச்சு, அந்தப் பொம்பளைக்குக் கேட்டிருக்கும்டின்னு" என்றாள் செல்வி, திரும்பாமல். "நான்தான் சண்டை போட்டேன். அத்தை மாத்திரை போட்டா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாங்க, உனக்கு என்ன தெரியும்னு எங்கம்மாவையே திட்டினேன். ஒம்போது நாளா உங்களைத் தூங்க வச்சே பேசிட்டு வந்தேன்."

ராதாமணி மன்னித்துக்கொள் என்ற வார்த்தையைத் தேடினாள். இரண்டு பாஷையிலும் அது அந்த நேரத்துக்குச் சின்னதாக இருந்தது.

"நான் இங்க இருக்கல மேடம்" என்று செல்வி, பின்னால் வந்த அலுவலரிடம் சொன்னாள். "வியாழக்கிழமை கோர்ட்டுக்கு வந்துருவேன். உத்தரவு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"உன் இஷ்டம்மா." சோணையம்மாள் ராதாமணியைப் பார்த்தார். "ஆனா உங்களை இங்க தனியா விட்டுட்டுப் போக முடியாது. பொழுது சாஞ்சதும் வாரேன்னு சொல்லிட்டுல்ல போயிருக்காரு. ஸ்டேஷன்ல இந்தக் காகிதத்துக்கு ஒரு நகல் குடுத்துட்டுத்தான் போவேன், அது வேற. ரெண்டு நாள் தங்க சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா?"

ராதாமணி யோசித்தாள். தெற்கு மாசி வீதிப் பக்கம் அண்ணன் இருக்கிறார். 'பெத்த பிள்ளை மேலேயே கேஸா?' என்று வாசலிலேயே கேட்பார். காமராஜர் சாலையில் நாத்தனார். விஜய்ஆனந்த் அவர் மடியில் வளர்ந்தவன். ஒவ்வொரு கதவாக மனத்துக்குள் தட்டிப் பார்த்துவிட்டு, "யாரும் இல்லம்மா" என்றாள்.

"அப்ப காப்பகம் இருக்கு. இடம் கேட்டுப் பாக்கிறேன்." அலுவலர் செல்போனை எடுத்தார்.

செல்வி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அலுவலர் நம்பரை அழுத்திக்கொண்டிருக்கும்போது, "காப்பகம் வேணாம் மேடம்" என்றாள்.

"பின்ன?"

செல்வி ராதாமணியைப் பார்த்தாள். கண்ணில் கனிவு இல்லை.

"பூட்டிட்டு வாங்க. உங்க மாத்திரைச் சீட்டை எடுத்துக்கங்க. எங்க வீட்டுல ரெண்டு நாள் இருங்க." ஒரு மூச்சு விட்டாள். "ஆனா ஒண்ணு. எங்கம்மா என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாது. வாசல்லயே நிக்க வச்சுக் கேக்கும். உங்களுக்காக நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீங்களே பேசிக்கங்க."

ராதாமணி உள்ளே போய் இரண்டு சேலைகளை ஒரு கட்டைப்பையில் திணித்துக்கொண்டு வந்தாள். கதவைப் பூட்டினாள். விஜய்ஆனந்திடமும் ஒரு சாவி இருக்கிறது என்பது பூட்டை இழுத்துப் பார்க்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆட்டோவில் நடுவில் அலுவலர் உட்கார்ந்துகொண்டார். திருநகர் ஸ்டேஷனில் பத்து நிமிஷம். பிறகு ஆட்டோ ஊரைத் தாண்டியது. வெயில் ஏறிய மலை வெறும் பாறையாகத் தெரிய ஆரம்பித்தது.

கீழக்குயில்குடி முதல் தெருவுக்குள் திரும்பும்போது ராதாமணி மெல்லக் கேட்டாள்.

"உங்கம்மாவை நான் என்னன்னு கூப்பிடணும்?"

ஒன்றரை வருஷச் சம்பந்தி. ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

"மொதல்ல அது உங்களை உள்ள கூப்பிடுதான்னு பாப்போம், அத்தே" என்றாள் செல்வி.

ஆட்டோச் சத்தம் கேட்டு, ஓட்டு வீட்டின் கதவைத் திறந்துகொண்டு மலையம்மாள் வெளியே வந்தாள். மகள் இறங்குவதைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், கட்டைப்பையோடு இறங்குவது யார் என்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். யாரென்று புரிந்ததும், திறந்த கதவை ஒரு கையால் பின்னுக்கு இழுத்துச் சாத்திவிட்டு, அதற்கு முன்னால் வந்து நின்றாள்.